ஒன்றாம் தேதி இன்கிரிமென்ட்

எங்கள் வீட்டுக்குப் போக ஐம்பத்துநான்கு படி ஏற வேண்டும். மாடிக்குப் பதினெட்டு வீதம் மூன்று மாடி. டெல்லி மயூர் விஹாரில் எங்கள் கூட்டுறவுச் சங்கக் குடியிருப்பைக் கட்டியபோது அதற்கு ஒரு லிஃப்ட் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு அப்போது முப்பது, முப்பத்தைந்து வயது. குலுக்கலில் மூன்றாம் மாடி விழுந்தவர்கள் நல்ல காற்று வரும் என்று சந்தோஷப்பட்டார்கள். நாங்களும் அதில் சேர்த்தி.

போன ஜனவரியில் ஒரு பிற்பகல், ஒரு கையில் ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னும் மறு கையில் காய்கறிப் பையுமாக ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடியைத் தாண்டி மூன்றாவது படியில் இடது முழங்கால் மடங்கியது. விழவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதன்பின் எழ முயன்றேன், முடியவில்லை. வலி பெரிதாக இல்லை. கால் எழும் வேலையைச் செய்ய மறுத்தது, அவ்வளவுதான். என் கணவர் தேடிக்கொண்டு இறங்கி வரும்வரை இருபது நிமிடம் அந்தப் படியில் இருந்தேன். அதற்குள் இரண்டு பேர் என்னைக் கடந்து போனார்கள். இரண்டு பேரிடமும் வெயில் காய்வதாகச் சொன்னேன். அந்த இடத்தில் வெயில் வராது.

எனக்கு ஐம்பத்தேழு வயது. ஒரு தமிழ் நாளிதழின் டெல்லி அலுவலகத்தில் முப்பது வருடம் மற்றவர்கள் எழுதிய செய்தியைத் திருத்தினேன். உட்கார்ந்து செய்யும் வேலை. கணவர் மத்திய அமைச்சகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். அதுவும் உட்கார்ந்து செய்யும் வேலைதான். எங்கள் வீட்டில் எந்தப் பெரிய முடிவும் கோப்பு இல்லாமல் எடுக்கப்பட்டதில்லை. மகனின் கல்லூரிக்கு ஒரு கோப்பு இருந்தது. வாஷிங் மெஷினுக்கும் ஒன்று இருந்தது. படியில் உட்கார்ந்த மறுநாள் காலை, சாப்பாட்டு மேஜையில் ஒரு புதுக் கோப்பைப் பார்த்தேன். மேலே ‘பொருள்: குடியிருப்பு மாற்றம்’ என்று எழுதியிருந்தது.

டெல்லியின் மறுகோடியில் உள்ள துவாரகாவில் கணவரின் பழைய சகா ஒருவர் தன் ஃப்ளாட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். ஆறாவது மாடி, இரண்டு லிஃப்ட். எங்களுக்கு வேண்டுமென்றால் அக்டோபர் முடியும்வரை காத்திருக்கத் தயார் என்றார்.

“துவாரகாவுல லிஃப்ட் இருக்கு,” என்றார் கணவர்.

“இங்க எனக்குப் படி இருக்கு.”

“படியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? உக்கார்றதுக்கா?”

நான் போக விரும்பாததற்குக் காரணம் காற்று இல்லை, ஜன்னல் இல்லை. இந்தக் குடியிருப்பில் நான் கீழே இறங்கினால் தமிழில் பேச நாலு பேர் இருக்கிறார்கள். மகன் பெங்களூரில். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அலுவலகமும் முடிந்துவிட்ட பிறகு, ஒரு நாளில் நான் முழு வாக்கியமாகத் தமிழ் பேசுவது கணவரோடும் இந்த நாலு பேரோடும்தான். துவாரகாவில் புதிதாகத் தேடிக்கொள்ளலாம். அறுபதை நெருங்கும்போது அது எத்தனை கடினம் என்று எனக்குத் தெரியும்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வயதுக்கேற்ற தேய்மானம் மட்டும்தான் என்றார். பிறகு என் தொடையை இரண்டு விரலால் அழுத்தினார். “பிரச்சினை இங்கே. தொடை செய்ய வேண்டியதை முட்டி செய்கிறது.” தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறேனே என்றேன். நடப்பது நல்லது, ஆனால் இதற்கு அது போதாது என்றார். ரத்த அழுத்தத்தைச் சோதித்துவிட்டு, வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, விஷயம் தெரிந்தவர் ஒருவர் மேற்பார்வையில் எடைப் பயிற்சி செய்யச் சொன்னார். தூக்கும் எடை குறைவாக இருக்கட்டும், நிறுத்தாமல் செய்யுங்கள் என்பது அவர் கடைசியாகச் சொன்னது.

கணவர் அதையும் கோப்பில் ஏற்றினார். அதன்கீழ் ஒரு நிபந்தனை: அக்டோபர் முப்பத்தொன்று அன்று, ஐந்து கிலோ பையுடன், ஐம்பத்துநான்கு படியையும் நடுவில் நிற்காமல் ஏற வேண்டும். கைப்பிடியைத் தொடலாம், பிடித்து இழுக்கக் கூடாது. ஏறிவிட்டால் கோப்பு மூடப்படும். இல்லையென்றால் துவாரகா. நான் படித்துப் பார்த்துவிட்டுச் சுருக்கொப்பமிட்டேன். விளையாட்டுக்குப் போட்ட ஒப்பம் இல்லை. எங்கள் இருவருக்குமே அது தெரியும்.

சங்கத்தின் பொது மண்டபத்துக்குப் பின்னால் முன்பு டேபிள் டென்னிஸ் ஆடிய அறைதான் இப்போது ஜிம். காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை பெண்களுக்கு. பயிற்சியாளர் ரோத்தக் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும், மாநில அளவில் பளு தூக்கியவர். ஹரியானா வாடை அடிக்கும் ஹிந்தி. அதை இங்கே நம் பேச்சில் தருகிறேன்.

ஏப்ரலில் முதல் நாள், என் துப்பட்டாவை வாங்கி ஆணியில் மாட்டினார். செருப்பைப் பார்த்துவிட்டு, ஷூ வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் நாள் என் முன்னால் ஒரு நாற்காலியை வைத்தார்.

“உக்காருங்க ஆன்ட்டி. எழுந்திரிங்க. அவ்வளவுதான்.”

“டம்பெல்?”

“ஜல்தி என்ன? முதல்ல நாற்காலி.”

கையை ஊன்றாமல், மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறங்கி, நாற்காலியைத் தொட்டதும் எழ வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. எட்டு முறை. எட்டாவதில் தொடை நடுங்கியது. அதைவிட ஆச்சரியம், எட்டு முறையும் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

“எழும்போது மூச்சை விடுங்க. புடிச்சு வெச்சா பி.பி. ஏறும். யாருக்காகச் சேத்து வைக்கறீங்க?”

மூன்று வாரம் நாற்காலி, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒரு படி ஏறி ஒரு படி இறங்குவது. ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் பத்து நிமிடம் கை காலை அசைத்துச் சூடேற்ற வேண்டும். மறுநாள் இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால் அது வேலை செய்த வலி. ஒரே புள்ளியில், மூட்டில், சுருக்கென்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்று தோன்றும்போதே முடித்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எனக்கு ஒத்துவரவில்லை. நாளிதழ்ப் பக்கத்தைக் கடைசி வரி வரை நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என் தொழில். இரண்டு வரி காலியாக விட்டுவிட்டுப் போனதே இல்லை.

கீழ் வீட்டு அக்கா என்னோடு வர ஆரம்பித்தார். நான் பேசும் நாலு பேரில் அவர் ஒருவர். மதுரைக்காரர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பயிற்சி எதுவும் செய்ய மாட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பார்.

“என்ன, ஏஷியாடு போட்டிக்கா?” என்றார் முதல் நாள்.

“மூணாவது மாடிக்கு.”

“அதுக்கு இம்புட்டு உக்கார்ந்து எந்திரிக்கணுமாக்கும். நான் கூடக் கல்யாண வீட்டுப் பந்தியில இவ்வளவு எந்திரிச்சதில்ல.”

மே மாதம் ஒன்றாம் தேதி கையில் இரண்டு கிலோ டம்பெல் வந்தது. கைக்கு ஒன்று. அன்று மாலை கணவர் கோப்பில் ஒரு அட்டவணை சேர்த்தார். மே ஒன்று, இரண்டு கிலோ. ஜூன் ஒன்று, மூன்று. ஜூலை, நான்கு. ஆகஸ்ட், ஐந்து. செப்டம்பர், ஆறு. மாதா மாதம் ஒன்றாம் தேதி இன்கிரிமென்ட்.

நான் அதைப் பார்த்துச் சுருக்கொப்பமிட்டேன். அதில் எனக்கு ஒன்றும் தவறாகப் படவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிழை பார்ப்பதுதான் நான் சம்பளம் வாங்கிய வேலை.

கணவரைப் போல நானும் டெல்லியில் அரசு ஊழியர் வீட்டில் பிறந்தவள்தான். அப்பா பாதுகாப்புக் கணக்குத் துறையில் இருந்தார், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். எங்கள் வீடுகளில் இன்கிரிமென்ட் என்பது கேட்டுப் பெறுவதோ உழைத்துப் பெறுவதோ இல்லை. தேதி வந்தால் வரும். வராமல் போனால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. ‘அவருக்கு இன்கிரிமென்ட் கட்’ என்று குவார்ட்டர்ஸில் யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால் அம்மாக்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் நாங்கள் சில நாள் கூடுதல் மரியாதையாக நடந்துகொள்வோம். சாவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி. அப்படி வளர்ந்த இரண்டு பேர் சேர்ந்து ஒரு உடம்புக்கு அட்டவணை போட்டால் அது வேறு எப்படி இருக்கும்?

பயிற்சியாளருக்கு இந்த அட்டவணை தெரியாது. அவர் கணக்கு வேறு. ஒரு எடையில் கடைசி இரண்டு முறையும் அலுங்காமல் வர வேண்டும். அப்படி அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் மட்டும் அடுத்த எடை. நான்கு மாதம் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயின. ஒரு நாள் முன்னே, இரண்டு நாள் பின்னே. கணவர் அட்டவணையில் பச்சை மையால் குறி போட்டுக்கொண்டே வந்தார். நானும் அட்டவணையால்தான் ஏறுகிறேன் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அந்தப் பருவத்தில் எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். ஒன்பது நாள். எழுந்தபோது சமையலறை வரை போய் வரவே சுவர் தேவைப்பட்டது. செப்டம்பர் ஒன்றாம் தேதி காலை கணவர் அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடினார். அவர் வாய் திறந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். மூடிய அந்த விதத்தில் ஒரு இரக்கம் இருந்தது. குவார்ட்டர்ஸ் அம்மாக்களின் இரக்கம்.

பதினொரு மணிக்கு ஜிம்முக்குப் போனேன். பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்தவுடனே, “இந்த வாரம் மூணு கிலோ ஆன்ட்டி, அதுவும் பாதி தடவை,” என்று சொல்லிவிட்டு, அறையின் மறுகோடியில் இன்னொரு பெண்ணுக்குக் கம்பியைச் சரிசெய்யப் போனார். நான் தலையாட்டினேன். பிறகு டம்பெல் அடுக்கிய ரேக் பக்கம் போனேன். ஆறு கிலோ இல்லை. எங்கள் ரேக்கில் ஐந்துக்கு அடுத்தது ஏழரை. ஏழரையை எடுத்தேன்.

ஐந்திலிருந்து ஏழரை, ஐம்பது சதவீத உயர்வு. யாராவது செய்தியில் அப்படி எழுதியிருந்தால் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டிருப்பேன்.

இடுப்பை மடித்துக் குனிந்து, முதுகை வளைக்காமல் எடையோடு நிமிர வேண்டிய பயிற்சி அது. முதல் முறை வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் மூச்சை அடக்கினேன், முதுகு வளைந்தது, இடுப்பின் இடது பக்கம் ஒரே புள்ளியில் சுருக்கென்றது. டம்பெல்லைத் தரையில் வைத்தேன். நிமிர முடியவில்லை. ஜன்னலோரத்திலிருந்து அக்கா எழுந்துவிட்டார். “ஏய் பொண்ணே, இங்க வா,” என்று பயிற்சியாளரைத் தமிழிலேயே கூப்பிட்டார். அவருக்கும் அது புரிந்தது.

பயிற்சியாளர் என்னைத் தரையில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கால் பெருவிரல்களை அசைக்கச் சொன்னார். மரத்துப்போயிருக்கிறதா, கால் பக்கம் வலி இறங்குகிறதா என்று கேட்டார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் கீழே கிடந்த டம்பெல்லில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

“ஏழரை யார் எடுக்கச் சொன்னது?”

“சார்ட்.”

“எந்த சார்ட்?”

சொன்னேன். படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, மாதம் வாரியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு அரசு வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, இரண்டு வருடமாக உத்தரவுக்குக் காத்திருந்தவர் அவர்.

“ஆன்ட்டி, நான் சர்க்காரி நௌக்ரிக்கு ஆசைப்படறவ. ஆனா உடம்பு சர்க்காரி நௌக்ரி இல்ல. ஒன்பது நாள் படுத்திருந்தா அது ஒன்பது நாள் முன்னாடி இருந்த எடத்துல நிக்காது.” டம்பெல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “நான் மறுகோடில இருக்கறப்பதானே எடுத்தீங்க?” என்றார்.

ஆமாம் என்றேன். அவர் கேட்டதில் அதுதான் எனக்குக் கூசியது.

தசைப்பிடிப்பு, வேறொன்றும் இல்லை என்றார் மருத்துவர். படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் நடக்கவும், வலி போன பிறகு அடியிலிருந்து தொடங்கவும் சொன்னார். அன்று ஐம்பத்துநான்கு படி ஏற எனக்குப் பதினொரு நிமிடம் ஆனது. கணவர் பின்னாலேயே வந்தார். வீட்டுக்குள் வந்ததும் கோப்பைத் திறந்து அட்டவணையின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“தப்பா நோட் போட்டுட்டேன்.”

“நானும்தானே ஒப்பம் வெச்சேன்.”

“நீ பாத்துத் திருத்தியிருக்கணும். உன் வேலைதானே அது,” என்றார். அவரால் அதற்கு மேல் வருத்தம் தெரிவிக்க முடியாது.

மூன்று வாரம் போயிற்று. செப்டம்பர் இறுதியில் மறுபடி நாற்காலி முன்னால் நின்றேன். வெறும் கை. ஏப்ரலில் எட்டாவதில் நடுங்கிய தொடை இப்போது நடுங்கவில்லை. எல்லாம் போய்விடவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அக்டோபர் பாதியில் இரண்டு கிலோ, கடைசி வாரம் மூன்று. முப்பத்தொன்றாம் தேதி ஏறிவிடுவேனா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன்.

“தெரியாது ஆன்ட்டி,” என்றார்.

முப்பது வருடத்தில் தொலைபேசியில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணி. பிரிக்காத ஐந்து கிலோ கோதுமை மாவுப் பாக்கெட், எடை அச்சிட்டிருந்ததால் அதையே பையில் போட்டுக்கொண்டோம். கணவர் கையில் கோப்பும் கடிகாரமும். அக்கா தன் வீட்டு வாசலில் காபி டம்ளரோடு நின்றார்.

“விழுந்தா என் வீட்டுப் பக்கமா விழு. மாவு எனக்காகும்,” என்றார்.

முதல் மாடி தெரியவே இல்லை. இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது, ஆனால் ஒழுங்காக வாங்கியது. ஜனவரியில் உட்கார்ந்த படியைக் கடந்தேன். நாற்பத்துநான்காவதில் இடது தொடை நடுங்க ஆரம்பித்தது. நாற்பத்தைந்து. இன்னும் ஒன்பது படி. மூச்சை அடக்கி, கைப்பிடியை இழுத்தால் ஒன்பதையும் ஏறிவிடலாம் என்று தெரிந்தது. தொடை என்ன சொல்கிறது என்பதும் தெரிந்தது.

நின்றேன். பையை மறு கைக்கு மாற்றினேன். நடுக்கம் அடங்கும்வரை மூச்சை விட்டு வாங்கினேன். பிறகு ஒன்பது படியையும் இழுக்காமல் ஏறி, கதவுக்கு முன்னால் பையை வைத்தேன்.

பின்னால் வந்த கணவர் சுவரில் கோப்பை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘54 படி, நிற்காமல்’ என்று இருந்தது.

“நின்னேன்,” என்றேன்.

“பை மாத்துனே. பை மாத்துறது நிக்கறதுல சேராது.”

“இருபத்தஞ்சு செகண்ட் நின்னேன்.”

“நான் பாக்கலை.”

“நீங்க வாட்ச்சைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் ஒரு பொய்யை எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை. அவர் எனக்காக அதைச் செய்துவிட்டார். நான் அதை விட்டிருக்கலாம். நாலு பேரும் தமிழும் அந்த ஒரு வார்த்தையால் எனக்குத் தங்கியிருக்கும். ஆனால் அடுத்த ஜனவரியில் அந்தப் படியில் உட்காரப்போவது அந்தக் காகிதம் இல்லையே. பேனாவை வாங்கி, ‘நிற்காமல்’ என்பதை அடித்து, மேலே ‘ஒரு முறை நின்று’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் கோப்போடு உள்ளே போனார். நான் மாவை டப்பாவில் கொட்டினேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் அவர் துவாரகாக்காரரோடு போனில் பேசுவது கேட்டது. எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், வேறு பார்ட்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

“நான் ஃபெயில்தானே,” என்றேன், அவர் போனை வைத்ததும்.

“புரொபேஷன்ல ஒரு தடவை ஃபெயில் ஆனா உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. எக்ஸ்டென்ட் பண்ணுவாங்க. ரூல் இருக்கு.”

“எத்தனை மாசம்?”

“தேதி போடலை,” என்றார். “சாப்பாடு போடு.”

துவாரகா ஃப்ளாட் அடுத்த வாரமே கைமாறிவிட்டது. அறுபத்தைந்திலோ எழுபதிலோ இந்தப் படி எங்களில் ஒருவரை மேலேயே வைத்துப் பூட்டிவிடலாம். அப்போது அந்த லிஃப்டை நினைத்துக்கொள்வோம். அதை இருவரும் பேசிவிட்டோம். பேசியதால் அது சின்னதாகிவிடவில்லை.

திங்கள், புதன், வெள்ளி நான் கீழே இறங்குகிறேன். இன்னும் மூன்று கிலோவில்தான் இருக்கிறேன். கடைசி இரண்டு முறை அலுங்காமல் வரவில்லை.